ஓணானின் காலடியில் என்ன இருக்க வேண்டும்?

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். அச்சுத்தாளின் மணம் எனக்குச் சோற்றின் மணத்தைப் போன்றது. 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை நிலவிய நாட்களில், அச்சுத்தாள் கிடைக்காமல் பள்ளிக்கூடக் கொப்பிகளின் கோடிட்ட தாள்களில் பத்திரிகை அச்சிடப்பட்டதைக் கண்ணால் கண்டவன். அப்படிப்பட்ட ஒருவன், கடந்த குளிர்காலத்தில் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் உள்ள மகனின் வீட்டில், ஒரு கண்ணாடித் தொட்டியின் அடியில் தமிழ்ப் பத்திரிகைத் தாள் விரிக்கப்பட்டு, அதன்மீது ஓர் ஓணான் மல்லாக்காகக் கால் பரப்பிக் கிடப்பதைக் கண்டால் எப்படி உணர்வான்? முதலில் கோபமே வந்தது. அந்தக் கோபம் எவ்வாறு தணிந்தது என்பதையும், அதற்குப் பின்னால் இருந்த கதையையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த ஓணானுக்குப் பெயர் கறுப்பன். ஆங்கிலத்தில் பியர்டட் ட்ராகன் என்று அழைக்கப்படும் தாடி ஓணான் இனத்தைச் சேர்ந்தது. என் பேரனுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அதை வளர்த்து வருகிறான். கோபம் கொண்டால் அதன் கழுத்துத் தோல் புடைத்துக் கருத்துவிடும். தாடி என்ற பெயர் அதனால் வந்தது. கறுப்பன் என்ற பெயரும் அதனாலேயே வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அது நோயிலிருந்து மெல்ல எழுந்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். கறுப்பனை வாங்கிய நாளின் இரண்டாவது ஆண்டு நிறைவுக்காகப் பேரன் தன் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து ஒரு பரிசு வாங்கினான். அது ஒரு மணல் பொதி. செங்கல் நிறத்தில் மின்னும் மணல். "கல்சியம் நிறைந்தது, உண்டால் சமிக்கக்கூடியது, இயற்கையான பாலைவனச் சூழல்" என்பதாகப் பொதியின்மேல் எழுதியிருந்தது. அதுவரை தொட்டியில் இருந்த பழைய கம்பளத்தை எடுத்துவிட்டு, மணலைக் கொட்டி, ஒரு பிளாஸ்ரிக் கள்ளிச்செடியையும் நட்டு வைத்தான். பார்க்க மிக அழகாக இருந்ததாம். படம் எடுத்து எனக்கும் அனுப்பியிருந்தான். நானும் "நல்ல வடிவு" என்று பதில் எழுதினேன்.

சில வாரங்கள் சென்றன. கறுப்பன் சாப்பிடுவதைக் குறைத்தது. பத்து நாட்களாக மலம் கழிக்கவில்லை. பின்னர் ஒரு காலையில் பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடந்தது. தொலைபேசியில் பேரனின் குரல் உடைந்திருந்தது. "அப்பப்பா, இவன் ஒண்டும் சாப்பிடுறானில்லை. நான் வாங்கின மணலாலதானோ?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மிருக வைத்தியர் எடுத்த ஊடுகதிர்ப் படத்தில், குடலின் பின்பகுதியில் வெண்ணிறத் திரளாக அந்த மணல் தெரிந்தது. வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டல், நீர்ச்சத்து ஏற்றல், மருந்து என ஆறு நாட்கள் போராடிய பின்னரே அடைப்பு நீங்கியது. மணல் பொதியின் விலை ஏறக்குறைய 20 டொலர். வைத்தியச் செலவு 600 டொலரைத் தாண்டியது. இவை இரண்டையும்விடப் பெரியது, தன் அன்பே தன் பிள்ளையைக் கொல்லப் பார்த்தது என்று ஒரு சிறுவன் அனுபவித்த ஆறு நாள் வேதனை.

இதைக் கேட்டதும் அந்தக் கடையையும் அந்த மணலையும் கிழித்தெறிந்து ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று என் கை துடித்தது. ஆனால் பழைய தொழில் பழக்கம் ஒன்று என்னைத் தடுத்தது. ஒரு தரப்பைக் கேட்டு எழுதும் செய்தி பாதிச் செய்திதான். ஆகவே அங்கு போய்ச் சேர்ந்ததும், மறுபரிசோதனைக்காகச் சென்ற மகனுடனும் பேரனுடனும் நானும் வைத்தியரிடம் போனேன். அவர் சொன்னவை என் கட்டுரையின் திசையையே மாற்றிவிட்டன.

அவர் கேட்ட முதற் கேள்வி மணலைப் பற்றியதே அல்ல. "வெயில் காயும் இடத்தில் வெப்பம் எத்தனை பாகை?" என்பதே அவர் கேட்டது. அளந்து பார்த்தபோது 31 பாகை செல்சியஸ் மாத்திரமே இருந்ததாக மகன் ஒப்புக்கொண்டார். அங்கே ஏறத்தாழ 40 பாகை இருந்திருக்க வேண்டும். அடுத்து, புறவூதாக் கதிர் தரும் மின்குமிழை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். வாங்கிய நாளிலிருந்து மாற்றவே இல்லை. குமிழ் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரைத் தரும் வலு அதற்குக் குறைந்து போயிருந்தது.

இவ்விரண்டுக்கும் மணலுக்கும் என்ன தொடர்பு? ஓணான் குளிர்இரத்தப் பிராணி. தன் உடலுக்குள் வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ள அதனால் முடியாது. வெளியிலிருந்து பெறும் சூட்டைக் கொண்டே அதன் குடல் இயங்குகிறது. சூடு போதாவிட்டால் உண்டது நகராது. புறவூதாக் கதிர் போதாவிட்டால் தோலில் வைற்றமின் டி உருவாகாது. அது இல்லாவிட்டால் கல்சியம் உடலில் சேராது. கல்சியம் குறைந்த பிராணி கண்டதையெல்லாம் நக்கத் தொடங்கும். நக்கும் இடம் முழுவதும் கல்சியம் மணலாக இருந்தால், அது தன் நோய்க்கான மருந்து என்று எண்ணி அதையே விழுங்கும். தசைகளும் தளர்ந்து, குடலும் குளிர்ந்து, நீரும் குறைந்திருந்தால் ஆரோக்கியமான ஓணானின் உடலில் கழிந்து போகக்கூடிய சிறிதளவு மணல்கூட வெளியேறாமல் தங்கிவிடும்.

ஆகவே மணல் தனிக் குற்றவாளி அல்ல. அது கூட்டுக் குற்றவாளி. இதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கடினமாகத்தான் இருந்தது. குற்றத்தின் ஒரு பகுதி என் மகனின் வீட்டிலேயே இருந்தது என்பதல்லவா இதன் பொருள்? ஆனால் உண்மை அதுவென்றால் அதையே எழுத வேண்டும்.

இனி இந்தப் பிராணி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். தரையைப் பற்றிய விவாதம் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் தங்கியிருக்கிறது. வீடுகளில் பெரும்பாலும் வளர்க்கப்படுவது பொகோனா விற்றிசெப்ஸ் என்னும் இனம். அவுஸ்திரேலியாவின் உட்புறத்து வறண்ட நிலங்களே அதன் தாயகம். அந்நாட்டின் 1999ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், உயிருள்ள உள்நாட்டு ஊர்வனவற்றை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய இடமளிப்பதில்லை. அதற்கு முன்னரும் தடை இருந்தது. அவ்வாறாயின் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பேர்ளினிலும் இத்தனை தாடி ஓணான்கள் எங்கிருந்து வந்தன? சில பத்தாண்டுகளுக்கு முன்னர் களவாகக் கடத்திச் செல்லப்பட்டவற்றின் வழித்தோன்றல்களே இவை என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். பல தலைமுறைகளாகக் கூண்டில் பிறந்து கூண்டிலேயே வளர்ந்தவை. தாயக மண்ணை இவை பார்த்ததும் இல்லை. இனிப் பார்க்கப் போவதும் இல்லை. புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அந்தத் தாயக மண் எப்படிப்பட்டது? பாலைவனம் என்றதும் நம் மனத்தில் எழுவது சகாராவின் மணற்குன்றுகள். கடைக்காரர்கள் விற்பதும் அந்தப் படத்தைத்தான். உண்மையில் இந்த ஓணான் வாழும் நிலத்தில் மணல் இருந்தாலும், அதோடு செம்மண்ணும் களியும் கலந்து, வெயிலில் காய்ந்து இறுகிப் போன தரையே அதிகம். ஆங்காங்கே கற்கள், புதர்கள், பட்டுப்போன மரங்கள். அந்த ஓணான் மணலில் புதைந்து வாழும் பிராணி அல்ல. மரக்குற்றிகளிலும் வேலிக் கட்டைகளிலும் ஏறி நின்று வெயில் காய்வது. கடுங்குளிரிலும் கடும் வெயிலிலும் மண்ணைக் குடைந்து ஒதுங்குவது. அந்த விதத்தில் இது நம் ஊர் வேலி ஓணானின் ஒன்றுவிட்ட சகோதரனே. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

அப்படியானால் கடைகளில் கிடைக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதலில் கல்சியம் மணல். இதன் மூலப்பொருள் கல்சியம் காபனேற்று. வயிற்றெரிச்சலுக்கு நாம் சப்பும் மாத்திரைகள் பலவற்றில் இருப்பதும் இதுவே. அது வயிற்று அமிலத்தை முறிக்கும். உணவைச் சமிக்கச் செய்யும் அமிலத்தை முறிக்கும் ஒரு பொருளை, "சமிக்கக்கூடியது" என்று சொல்லி விற்பதில் உள்ள முரண்பாட்டை வாசகர்களே உணர்ந்துகொள்வார்கள். ஈரம் பட்டால் இது கட்டியாகிவிடும். குடலோ ஈரமான இடம். போதாக்குறைக்கு, உண்டால் நல்லது என்ற விளம்பரமே, தரையை உணவுத்தட்டாகக் கருதலாம் என்ற எண்ணத்தை வளர்ப்பவருக்கு ஊட்டிவிடுகிறது. கல்சியம் தேவையென்றால் அதைத் தூளாக இரைமீது தூவிக் கொடுப்பதே முறை. காலால் மிதித்து, மலம் கழிக்கும் தரையில் மருந்தைக் கொட்டி வைக்கும் வைத்தியத்தை எந்த உயிருக்கும் நாம் செய்வதில்லை.

அடுத்து, பொடியாக்கிய வால்நட் ஓடு. இதன் துணுக்குகளின் விளிம்பு கூர்மையானது, சமிக்காதது. இதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. வாங்கவே கூடாது. மரச்சீவல்களில் சீடார், பைன் ஆகியவற்றின் வாசனை எண்ணெய்கள் சுவாசத்துக்குக் கெடுதியானவை. சூட்டுவிளக்கின் கீழே அந்த ஆவி மேலும் கூடும். சோளத் தண்டின் துண்டுகள் ஈரத்தில் ஊதிப் பூஞ்சணம் பிடிக்கும். பூனைக்குப் போடும் மண்ணும் ஆகாது.

கம்பளம் பார்வைக்குப் பாதுகாப்பானது. ஆனால் அதன் நூலிழைகளில் நகம் சிக்கி விரல் முறிவதுண்டு. மலமும் ஈரமும் இழைகளுக்குள் ஊறி, கழுவினாலும் கிருமிகள் தங்கும். கறுப்பனின் தொட்டியில் முதலில் கிடந்ததும் இதுவே. இரண்டு கம்பளங்கள் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கொதிநீரில் கழுவுபவர்கள் பயன்படுத்தலாம். அவ்வளவு பொறுமை எத்தனை வீடுகளில் உண்டு என்பது வேறு கேள்வி.

தரை ஓடு, அதாவது நாம் ரைல்ஸ் என்று சொல்வது, நல்ல தெரிவு. சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துடைத்தால் சுத்தமாகிவிடும். நகமும் தேயும். ஆனால் கண்ணாடி போல் வழுக்கும் ஓடு கூடாது. சொரசொரப்பான மேற்பரப்பு உடையதாக இருக்க வேண்டும். கால் வழுக்கும் தரையில் நாளெல்லாம் நடப்பது மனிதருக்கே கடினம்.

இறுதியாகப் பத்திரிகைத் தாளும் கடதாசித் துவாயும். விலை இல்லை என்றே சொல்லலாம். அழுக்கானால் சுருட்டி எறிந்துவிட்டுப் புதிது விரிக்கலாம். மலம் எப்படி இருக்கிறது என்பது உடனே கண்ணுக்குத் தெரியும். ஊர்வனவற்றின் உடல்நலத்தை அறிய இதைவிட நல்ல வழி வேறில்லை. குஞ்சுகளுக்கும், புதிதாக வாங்கி வந்தவற்றுக்கும், நோயுற்றவற்றுக்கும் இதுவே உகந்தது என்று வைத்தியர் உறுதியாகச் சொன்னார். அவர் பத்திரிகைத் தாளைப் பரிந்துரைத்த அந்தக் கணத்தில், என் முகத்தைப் பார்த்த மகன் சிரிப்பை அடக்கப் பாடுபட்டதைக் கவனித்தேன். பளபளப்பான வண்ணப் பக்கங்கள் வேண்டாம், சாதாரண அச்சுத்தாளே போதும் என்றும் அவர் சொன்னார். விளம்பரப் பக்கங்களைவிடக் கட்டுரைப் பக்கங்களே பாதுகாப்பானவை என்று நான் அதற்குப் பொருள் செய்துகொண்டேன்.

இத்துடன் கட்டுரையை முடித்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். தாளை விரியுங்கள், மணலை எறியுங்கள் என்று எழுதிவிடலாம். நீண்ட காலம் ஓணான் வளர்ப்போரிடையே இருந்த பொதுக் கருத்தும் அதுவே. ஆனால் அண்மைய ஆண்டுகளில் வேறொரு கருத்து வலுப்பெற்று வருகிறது. அதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும்.

அவர்கள் சொல்வது இது: ஓணான் மண்ணைக் கிண்டும் பிராணி. கிண்டுவது அதன் இயல்பு. வாழ்நாள் முழுவதும் தாளிலும் ஓட்டிலும் அதை வைத்திருப்பது, அடைப்பு வராமல் காப்பாற்றலாம்; ஆனால் ஓணானாக வாழ விடுவதாகாது. இதில் உணர்ச்சிப் பேச்சு மாத்திரம் இல்லை. பெண் ஓணான், ஆணின் துணை இல்லாமலும் முட்டை இடக்கூடியது. முட்டையிடக் குழி தோண்ட மண் கிடைக்காவிட்டால் அது முட்டைகளை உள்ளேயே தேக்கி வைத்துக்கொள்ளும். அதுவும் உயிரைக் குடிக்கும் ஒரு நிலையே. ஆகவே, பாதுகாப்பானது என்று நாம் கருதும் வெறுந்தரையிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

அவர்கள் பரிந்துரைப்பது கடை மணலை அல்ல. உரமோ பூச்சிமருந்தோ கலக்காத தோட்ட மேல்மண் மூன்றில் இரண்டு பங்கு, கழுவிய விளையாட்டு மணல் மூன்றில் ஒரு பங்கு. அதை நீர் விட்டுப் பிசைந்து, தொட்டியில் 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை நிரப்பி, நன்றாக அழுத்தி, பல நாட்கள் காயவிட வேண்டும். காய்ந்ததும் அது நம் ஊர் மண்வீட்டுத் திண்ணை போல் இறுகிவிடும். தூசு பறக்காது, கையால் அள்ள முடியாது, ஆனால் நகத்தால் கிண்ட முடியும். கனமான கற்களை மண்ணின்மேல் வைக்காமல், தொட்டியின் அடியில் நேரடியாக ஊன்றிய பிறகே மண் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஓணான் கீழே குடையும்போது கல் சரிந்து அதை நசுக்கிவிடும். இரையைத் தரையில் விடாமல், கிண்ணத்திலோ இடுக்கியாலோ கொடுக்க வேண்டும்.

இரு தரப்பையும் கேட்டபின் என் கருத்து இது. வாதம் தாளா மண்ணா என்பதாக இருக்கக்கூடாது. வாதம் வரிசையைப் பற்றியதாக இருக்க வேண்டும். முதலில் சூடு, அடுத்து புறவூதாக் கதிர், அடுத்து நீரும் உணவும், அதன் பிறகே தரை. இந்த முதல் மூன்றும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று அறியும் வரை தாளிலேயே வையுங்கள். வெப்பமானி வாங்குங்கள்; மணல் பொதியைவிட அது முக்கியம். வெயில் காயும் இடம் 40 பாகையை அண்மியும், மறு மூலை 25 பாகையை ஒட்டியும் இருக்கட்டும். புறவூதா மின்குமிழை, எரிகிறதே என்று விட்டுவிடாமல், தயாரிப்பாளர் குறித்த காலத்தில் மாற்றுங்கள். பிராணி வளர்ந்து, நன்றாக உண்டு, ஒழுங்காகக் கழித்து, மலப் பரிசோதனையிலும் புழுக்கள் இல்லை என்றான பிறகு, இறுகிய மண் தரையைக் கொடுங்கள். பெண் ஓணானாயின் ஈரமண் நிரப்பிய தோண்டும் பெட்டியை எந்நிலையிலும் மறவாதீர்கள். கல்சியம் மணலையும் வால்நட் ஓட்டையும் எந்தப் பருவத்திலும் கொடுக்காதீர்கள்.

கடைகளைப் பற்றியும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பழி முழுவதும் மணல்மீது இல்லை என்று ஒப்புக்கொண்டதால், அதை விற்றவர்கள் சுத்தவாளிகள் ஆகிவிடமாட்டார்கள். மனிதர் உண்ணும் பண்டத்தின் பொதியில் "சமிக்கக்கூடியது" என்று எழுதினால், அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கிறோம். வாய் பேசாத பிராணியின் தரையாகப் போகும் பொருளில் அதே சொல்லை எழுதினால் ஏன் கேட்பதில்லை? பதின்மூன்று வயதுச் சிறுவன் நீட்டிய பணத்தை வாங்கியபோது, "உன் ஓணானின் தொட்டியில் எத்தனை பாகை சூடு?" என்று ஒரு கேள்வி கேட்க எத்தனை விநாடி ஆகியிருக்கும்? பத்திரிகையில் ஒரு பிழையான சொல் போனால் மறுநாள் திருத்தம் போடுவோம். இந்தப் பொதிகளில் அச்சான சொல்லுக்குத் திருத்தம் போடுவதற்கு யாரும் இல்லை. அச்சில் வந்துவிட்டது என்பதற்காக எதையும் நம்பாதே என்று பேரனுக்குச் சொன்னேன். அச்சிலேயே வாழ்ந்த ஒருவன் வாயிலிருந்து இது வருவது அவனுக்கு வேடிக்கையாக இருந்திருக்கலாம்.

ஊரில் இருக்கும் என் வயது நண்பர்கள் சிலர் இதை வாசித்து, "மனுசருக்கே ஒழுங்கான தரையில்லாத காலத்தில் ஓணானுக்குத் தரை பார்க்கிறாயோ?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. எனது பதில் இதுதான். இராமனின் தாகத்துக்கு அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்ற கதையைச் சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம். அந்தக் கதையைச் சாட்டாக வைத்து, ஈர்க்கில் சுருக்கு வைத்து ஓணானைப் பிடித்தோம், கல்லால் அடித்தோம். நானும் அடித்தவன்தான். என் பேரன் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பிராணிக்காக ஆறு இரவுகள் அழுதிருக்கிறான். எங்கள் பரம்பரையில் ஏதோ ஒன்று திருந்தியிருக்கிறது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. செல்லப்பிராணிச் சந்தையின் பசி நம் தீவையும் விட்டுவைக்கவில்லை. மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் முதலாக இலங்கைக்கே உரிய பல இனங்கள் களவாக ஐரோப்பாவுக்குச் சென்று விற்கப்பட்டிருக்கின்றன. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் மாநாடு 2019இல் கொழும்பில் நடக்கவிருந்து, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னர் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த மாநாட்டிலேயே நம் ஓணான் இனங்கள் பல பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆகவே வெளிநாட்டில் பிள்ளைகளுக்கு ஊர்வன வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், அது கூண்டில் பிறந்ததா, காட்டிலிருந்து பிடித்ததா என்று கேட்டுவிட்டே வாங்க வேண்டும். தாடி ஓணான் கூண்டில் பிறந்தது என்பதே அதன் பக்கமுள்ள ஒரே நியாயம்.

வாங்க எண்ணுபவர்களுக்கு மேலும் இரண்டு வார்த்தை. இது பத்து ஆண்டுகள் வரை, சில வேளை அதற்கு மேலும் வாழக்கூடியது. வளர்ந்தால் வாலோடு அரை மீற்றருக்குக் குறையாது. நான்கடி நீளமான தொட்டியாவது வேண்டும். பிள்ளை பல்கலைக்கழகம் போகும் நாளிலும் அது உங்கள் வீட்டில் இருக்கும். மற்றது, ஆரோக்கியமாகத் தோன்றும் ஊர்வனவும் சல்மனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும். 2024இல் அமெரிக்காவில் தாடி ஓணான்களோடு தொடர்புபட்ட தொற்றில் கைக்குழந்தைகளும் பாதிக்கப்பட்டார்கள். தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். தொட்டியின் தாளையும் கிண்ணத்தையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை வளர்க்காமல் இருப்பதே நல்லது. "வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை" என்று நம் முன்னோர் சொன்னது சும்மா அல்ல.

வேலியில் நிற்கும் ஓணான் தன் தரையைத் தானே தெரிந்துகொள்ளும். சூடு வேண்டுமென்றால் கட்டையில் ஏறும். நிழல் வேண்டுமென்றால் இறங்கும். மண் பிடிக்காவிட்டால் அடுத்த காணிக்குப் போகும். தொட்டிக்குள் இருப்பதற்கு அந்த வழிகள் எல்லாம் அடைபட்டுவிட்டன. அதன் காலடியில் என்ன இருக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கிறோம். தீர்மானிக்கும் உரிமையை எடுத்துக்கொண்டவர், அதற்குரிய அறிவையும் தேடிக்கொள்ளக் கடமைப்பட்டவர். ஒரு பொதியின் மேலே எழுதியிருந்த ஒரு வரியை வாசித்ததோடு அந்தக் கடமை முடிந்துவிடுவதில்லை. "நல்ல வடிவு" என்று பதில் எழுதிய நானும் இதற்கு விதிவிலக்கு அல்ல.

நான் கொழும்புக்குத் திரும்புவதற்கு முதல்நாள் மாலை, பேரன் தொட்டியைச் சுத்தம் செய்தான். புதிய தாள் விரிப்பதற்காக அங்கே இலவசமாகக் கிடைக்கும் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றை எடுத்தான். பிரித்துப் பார்த்துவிட்டுக் கை தயங்கியது. அந்தப் பக்கத்தில், அவர்கள் மறுபிரசுரம் செய்திருந்த என் கட்டுரை ஒன்று இருந்தது. "அப்பப்பா, இது உங்கட பக்கம். வேற எடுக்கட்டோ?" என்று கேட்டான். கறுப்பு வெள்ளைப் பக்கம்தானே, அதையே விரி என்றேன். கறுப்பன் அதன்மீது ஏறி, தலையை உயர்த்தி, விளக்கைப் பார்த்தபடி அமர்ந்துகொண்டது. வெப்பமானி 40 பாகை காட்டியது. அந்தக் கட்டுரையால் ஓர் உயிருக்காவது பயன் கிடைத்தது என்று அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்.